போர் வியூக விளையாட்டில் சங்கேதப் போர்: நம்பும்படி வடிவமைக்க ஒரு முழுமையான வழிகாட்டி

பெரும்பாலான போர் வியூக விளையாட்டுகளில் சங்கேத உடைப்பு ஒரு விளக்குச் சுவிட்ச் போல இருக்கிறது. ஆராய்ச்சிக்குப் புள்ளிகளைக் கொட்டிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் "எதிரியின் சங்கேதம் உடைந்தது" என்று பலகை வரும். வரைபடத்தில் இருந்த மூடுபனி விலகும். எதிரியின் படைகள் எல்லாம் பளிச்சென்று தெரியும்.

எந்தத் தளபதிக்கும் போர் அப்படித் தெரிந்ததில்லை. அவர் மேசைக்கு வந்தது ஒரு தாள். அது இரண்டு நாள் பழையதாக இருக்கும், பாதிதான் படிக்க முடிந்திருக்கும், குறிப்பிடும் இடம் எது என்பதுகூட உறுதியாக இருக்காது. அதை நம்பித்தான் கப்பல்களை அனுப்ப வேண்டும். அனுப்பியது ஏன் என்று எதிரிக்குத் தெரியாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். உங்கள் விளையாட்டு அந்தத் தாளைப் பற்றியதாக இருக்கட்டும். மேசை விளையாட்டோ கணினி விளையாட்டோ, கீழே உள்ள படிகள் இரண்டுக்கும் பொருந்தும்.

படி 1: ஆட்டக்காரர் யார், ஒரு சுற்று எவ்வளவு நேரம்

ஆட்டக்காரரிடம் எழுத்துப் புதிரைக் கொடுத்து விடுவிக்கச் சொல்ல வேண்டாம். புதிரில் கெட்டிக்காரர் போரில் ஜெயித்துவிடுவார், அதற்கும் போருக்கும் தொடர்பில்லை. சங்கேத உடைப்பு தனி மேதையின் வேலையாக இருந்த காலம் இரண்டாம் உலகப் போரிலேயே முடிந்துவிட்டது. போரின் கடைசிக் கட்டத்தில் பிரிட்டனின் சங்கேத உடைப்பு மையமான பிளெட்ச்லி பார்க்கிலும் அதன் கிளைகளிலும் சுமார் 9,000 பேர் வேலை செய்தார்கள், அவர்களில் பெரும்பாலோர் பெண்கள். ஜெர்மனியின் எனிக்மா என்ற சங்கேத இயந்திரத்தின் அன்றைய அமைப்பை, அதாவது சாவியை, தேடும் 'பாம்ப்' இயந்திரங்கள் 200-க்கும் மேல் ஓடின. தளபதி எடுக்கும் முடிவு ஒன்றுதான்: இத்தனை ஆட்களையும் இயந்திர நேரத்தையும் எதிரியின் எந்தப் பேச்சின் மேல் செலவழிப்பது? ஆட்டக்காரருக்கும் அந்த முடிவையே கொடுங்கள்.

சுற்றின் அளவையும் இங்கேயே முடிவு செய்துவிடுங்கள். ஒரு சுற்று ஒரு நாள் என்றால் அன்றாடச் சாவி, தாமதம் எல்லாம் ஆட்டத்துக்குள் வரும். ஒரு சுற்று ஒரு மாதம் என்றால் அவை கரைந்துபோகும், எதிரியின் எந்த ரேடியோ வலை திறந்திருக்கிறது, எது மூடியிருக்கிறது என்பது மட்டும் மிஞ்சும். இரண்டையும் கலந்தால் விதிப்புத்தகம் தடிக்கும், பலன் இருக்காது.

படி 2: நாட்டுக்கு ஒரு சங்கேதம் என்று வைக்காதீர்கள்

'ஜெர்மன் சங்கேதம்' என்று ஒரே பொருள் எப்போதும் இருந்ததில்லை. ஒவ்வொரு படைப்பிரிவின் ரேடியோ வலைக்கும் தனிச் சாவி இருந்தது. ஜெர்மன் வான்படையின் பொதுச் சாவிக்கு பிளெட்ச்லி வைத்த பெயர் 'ரெட்'. 1940 மே மாதத்திலிருந்து போர் முடியும்வரை அதை அநேகமாக நாள் தவறாமல் படித்தார்கள். அதே எனிக்மா குடும்பத்து இயந்திரத்தைத்தான் கடற்படையும் வைத்திருந்தது, ஆனால் செய்திச் சாவியை அனுப்பும் முறை கடுமையானது, ரோட்டர்களும் (எழுத்துகளை மாற்றும் சுழல் சக்கரங்கள்) அதிகம். அட்லாண்டிக் நீர்மூழ்கிகளின் வலையான 'ஷார்க்' 1942 பிப்ரவரி 1 அன்று நான்கு ரோட்டர் இயந்திரத்துக்கு மாறியதும் பத்து மாதங்களுக்கு மேல் இருட்டாகிவிட்டது. அந்தப் பத்து மாதமும் வான்படையின் பேச்சு கேட்டுக்கொண்டேதான் இருந்தது.

ஆகவே ஒவ்வொரு தரப்புக்கும் நான்கைந்து வலைகள் வையுங்கள். ஒவ்வொரு வலைக்கும் மூன்று எண்கள் போதும்: ஒரு சுற்றில் எவ்வளவு பேசுகிறது, இயக்குபவர்களின் ஒழுங்கு எப்படி, சாவி எத்தனை சுற்றுக்கு ஒருமுறை மாறுகிறது. வான்படை அதிகம் பேசும், ஒழுங்கு குறைவு. கடற்படை அளந்து பேசும். இந்த மூன்று எண்களிலேயே வலைகளுக்கு ஒரு குணம் வந்துவிடும்.

படி 3: பேசினால்தான் கேட்க முடியும்

அதிகம் விடுபட்டுப்போகும் விதி இதுதான். எதிரி ரேடியோவைத் தொட்டால்தான் உங்களுக்குச் செய்தி. எனவே செய்திகள் ஆட்டக்காரர் இடும் கட்டளைகளிலிருந்தே பிறக்க வேண்டும். படையை நகர்த்தினால் ஒரு செய்தி, இரண்டு கடற்படைகளை ஒருங்கிணைத்தால் மூன்று, பெட்ரோல் கேட்டால் ஒன்று. தொலைபேசிக் கம்பி உள்ள சொந்த மண்ணில் நின்றால் செய்தியே இல்லை.

1944 டிசம்பரில் பெல்ஜியத்தின் ஆர்டென் காட்டுப்பகுதியில் தாக்குமுன் ஜெர்மானியர் செய்தது இதைத்தான். திட்டத்தை ரேடியோவில் ஏற்றாமல் கம்பியிலும் ஆள் மூலமும் அனுப்பினார்கள். அதுவரை பிளெட்ச்லியை நம்பிப் பழகியிருந்த நேச நாட்டுத் தளபதிகள் ஏமாந்தார்கள்.

மௌனத்தைத் தேர்ந்தெடுக்க ஆட்டக்காரரை அனுமதியுங்கள், ஆனால் அதற்கு விலை வையுங்கள். மௌனமாகச் செல்லும் படைக்கு அடுத்த சுற்றில் புதுக் கட்டளை போடக் கூடாது. பக்கத்துப் படையுடன் சேர்ந்து தாக்கும் கூடுதல் பலமும் கிடைக்கக் கூடாது. ஜெர்மன் நீர்மூழ்கிப் படைத் தளபதி டோனிட்ஸ் தன் நீர்மூழ்கிகளைக் கூட்டமாக வேட்டையாட வைக்க விரும்பினார். அதற்குக் கரையிலிருந்து ஓயாமல் பேசியாக வேண்டும், அந்தப் பேச்சுதான் அவருடைய பலவீனமாகவும் ஆனது. கூட்ட வேட்டையா, மௌனமா என்று உங்கள் ஆட்டக்காரர் ஒவ்வொரு சுற்றும் திணற வேண்டும்.

படி 4: படிக்க முடியாதபோதும் தெரிபவை

செய்தியின் உள்ளடக்கம் புரியாவிட்டாலும் அது எங்கிருந்து வந்தது என்று திசை காணும் கருவிகள் சொல்லும். யார் யாரோடு, எவ்வளவு அடிக்கடி பேசுகிறார்கள் என்ற போக்குவரத்துக் கணக்கு ஒரு படையின் அமைப்பையே வரைந்து காட்டும். ஒரு தலைமையகம் திடீரென்று இருமடங்கு பேசினால் ஏதோ நடக்கப் போகிறது. இதை முதல் சுற்றிலிருந்தே, உடைப்பு எதுவும் இல்லாமலே கொடுங்கள். வரைபடத்தில் 'இந்தப் பகுதியில் ஏதோ ஒரு கப்பல்' என்ற மங்கலான வட்டம் போதும்.

மௌனத்தையும் தகவலாக வைக்கலாம், ஆனால் அது இருபுறமும் வெட்டும் கத்தி. 1941 டிசம்பர் 1 அன்று ஜப்பானியக் கடற்படை தன் அழைப்புக் குறிகளை ஒரே மாதத்தில் இரண்டாம் முறையாக மாற்றியது. விமானந்தாங்கிகளின் பேச்சே கேட்கவில்லை. உள்நாட்டுத் துறைமுகத்தில் நின்றாலும் அவை பேசாது, பேர்ள் துறைமுகத்தை நோக்கி வந்தாலும் பேசாது. கேட்டுக்கொண்டிருந்தவர்களால் இரண்டையும் பிரித்தறிய முடியவில்லை.

படி 5: உடைப்பதில் இரண்டு வகை, இரண்டு வளைவு

இங்கே கொஞ்சம் நிதானமாக நில்லுங்கள். எல்லாச் சங்கேதங்களுக்கும் ஒரே முன்னேற்றப் பட்டையை வைப்பது பெரிய பிழை.

முதல் வகை, புத்தகச் சங்கேதம். ஜப்பானியக் கடற்படையின் ஜேஎன்-25 இந்த வகை. ஒவ்வொரு சொல்லுக்கும் சங்கேதப் புத்தகத்தில் ஓர் ஐந்து இலக்க எண். அதன்மேல் வேறொரு புத்தகத்திலிருந்து எடுத்த எண்ணைக் கூட்டி அனுப்புவார்கள். இதை உடைப்பவருக்கு அது சிறுகச் சிறுகத்தான் வெளுக்கும். முதலில் அனுப்பியவர் யார் என்று தெரியும், பிறகு கப்பல் பெயர்கள், பிறகு சில வினைச்சொற்கள். எத்தனை அதிகம் செய்திகள் கிடைக்கின்றனவோ அத்தனை வேகம்.

ஆட்டத்தில் இதை ஒரு 'ஆழம்' எண்ணாக வையுங்கள். பிடித்த செய்திகளின் எண்ணிக்கை ஒவ்வொரு சுற்றும் அதில் கூடட்டும். 20-ஐத் தொட்டால் அனுப்பியவர் தெரிவார், 40-இல் கப்பல் வகை, 60-இல் செயல், 80-இல் நாள். கூட்டல் புத்தகம் மட்டும் மாறினால் ஆழம் பாதியாகக் குறையட்டும், ஏனென்றால் அடியில் உள்ள சொற்களின் எண்கள் ஏற்கெனவே தெரியும். சங்கேதப் புத்தகமே மாறினால் பூஜ்ஜியம்.

இரண்டாம் வகை, இயந்திரச் சங்கேதம். இங்கே அரைகுறை என்பது கிடையாது. எனிக்மாவில் அன்றைய சாவி கிடைத்தால் அந்த வலையின் அன்றைய செய்திகள் அத்தனையும் திறக்கும். கிடைக்காவிட்டால் ஒரு வரிகூட இல்லை. சாவி மாறியதும் மீண்டும் முதலிலிருந்து. இதற்குப் பகடைதான் பொருத்தம். ஒவ்வொரு சாவிக் காலத்துக்கும் ஒரு முயற்சி, அந்த வலைக்கு ஒதுக்கிய இயந்திர நேரம் பகடையில் கூடும்.

பகடையோடு இன்னொன்றும் தேவை, அது ஊகச் சொற்றொடர். பாம்ப் இயந்திரம் சும்மா தேடவில்லை. செய்தியில் இருக்கக்கூடிய ஒரு தொடரை, உதாரணமாக வானிலை அறிக்கையின் வழக்கமான தொடக்கத்தை, யாராவது முன்கூட்டியே ஊகித்துக் கொடுக்க வேண்டும். எனிக்மாவில் எந்த எழுத்தும் அதே எழுத்தாக மாறாது, அந்தக் குறை ஊகத்தை எங்கே பொருத்துவது என்று காட்டிக்கொடுத்தது. ஊகத்தை வில்லையாக்குங்கள் (ஆட்டத்தில் செலவழிக்கும் டோக்கன்). ஒழுங்கற்ற வலைகள் தாமாகவே வில்லை கொடுக்கும். வில்லை தீர்ந்துவிட்டால் ஆட்டக்காரர் ஒன்றை உண்டாக்கலாம். பிரிட்டிஷ் விமானங்கள் குறிப்பிட்ட கடற்கட்டங்களில் கண்ணிவெடி போட்டு, அந்தக் கட்டங்களின் எண்ணோடு ஜெர்மானியர் எச்சரிக்கை அனுப்பும்படி தூண்டியது உண்டு. 'தோட்ட வேலை' என்று அதற்கு ஒரு செல்லப்பெயர்கூட இருந்தது. ஒரு விமானச் செயலைச் செலவழித்தால் ஒரு வில்லை என்று வைத்துப் பாருங்கள். ஆட்டக்காரர்கள் இதை மிகவும் ரசிப்பார்கள்.

படி 6: அதிர்ஷ்டமும் தவறும்

நிகழ்வு அட்டைகளுக்கு ஏற்ற இடம் இது. அவற்றைக் களத்தோடு கட்டுங்கள், வானத்திலிருந்து விழ வேண்டாம். எதிரிக் கப்பல் ஆழமற்ற நீரிலோ முற்றுகையிலோ மூழ்கினால் மட்டும் 'புத்தகம் சிக்கியது' என்ற பகடை. 1942 அக்டோபர் 30 அன்று மத்தியதரைக் கடலில் மூழ்கிக்கொண்டிருந்த யு-559 நீர்மூழ்கிக்குள் இறங்கி வானிலைச் சங்கேதப் புத்தகத்தை எடுத்துக் கொடுத்த ஃபாசன், கிரேசியர் என்ற இரு பிரிட்டிஷ் மாலுமிகள் அதனோடே மூழ்கிப்போனார்கள். அந்தப் புத்தகத்தின் உதவியால்தான் டிசம்பரில் ஷார்க் மறுபடி திறந்தது. அத்தகைய அட்டைக்கு ஒரு விலையும் இருப்பது நியாயம்.

இயக்குபவரின் பெருந்தவறும் அரியது, ஆனால் விளைவு பெரிது. 1941 ஆகஸ்ட் 30 அன்று லோரன்ஸ் என்ற ஜெர்மன் தொலையச்சுச் சங்கேத இயந்திரத்தில் ஓர் இயக்குநர் சுமார் 4,000 எழுத்துள்ள செய்தியை அதே அமைப்பில், சிறுசிறு மாற்றங்களோடு இரண்டு முறை அனுப்பினார். அந்த ஒரு தவறை வைத்து பிளெட்ச்லியின் டில்ட்மேன் செய்தியைப் பிரித்தார், அவருடைய சக ஊழியர் பில் டட் கண்ணால் பார்த்திராத அந்த இயந்திரத்தின் உள்ளமைப்பையே கண்டுபிடித்தார்.

படி 7: தாளின் வயது

ஒவ்வொரு செய்திக்கும் இரண்டு நேரங்கள் எழுதுங்கள்: அனுப்பிய சுற்று, கைக்கு வந்த சுற்று. 'ஆறாம் சுற்றில் அனுப்பியது, எட்டாம் சுற்றில் வந்தது.' எதிரி இரண்டு சுற்றாக எங்கே போயிருப்பான் என்று ஆட்டக்காரர் வரைபடத்தில் விரல் வைத்து எண்ணத் தொடங்குவார். அதன்பின் உங்கள் வேலை எளிது. தாமதத்தைக் குறைக்க அவர் ஆட்களையும் இயந்திரத்தையும் ஒரு வலையிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுவார், அப்போது விட்டுப்போன வலை இருட்டாகும்.

படி 8: தாளில் உள்ள ஓட்டைகள்

மூன்று வகை ஓட்டைகளை வையுங்கள்.

முதலாவது, இடப்பெயர். 1942 மே மாதத்தில் ஜப்பானியர் 'ஏஎஃப்' என்ற இடத்தைத் தாக்கப் போகிறார்கள் என்பது அமெரிக்கக் கடற்படைச் சங்கேத உடைப்பாளர் ரோஷ்ஃபோர்ட்டின் ஹவாய் குழுவுக்குத் தெரியும். ஏஎஃப் என்பது பசிபிக்கில் உள்ள அமெரிக்கத் தளமான மிட்வே தீவு என்று அவர்கள் நம்பினார்கள், வாஷிங்டனில் எல்லோரும் நம்பவில்லை. மிட்வேயில் நன்னீர் ஆலை பழுதாகிவிட்டது என்று வெளிப்படையாக ரேடியோவில் சொல்லவைத்தார்கள். சில நாட்களில் 'ஏஎஃப்-இல் தண்ணீர்த் தட்டுப்பாடு' என்று ஜப்பானியச் செய்தி ஒன்று சிக்கியது. ஆட்டத்திலும் இடங்களுக்கு இரண்டெழுத்துக் குறிகள் கொடுங்கள், ஆட்டக்காரரே தூண்டில் போட்டு உறுதிசெய்யட்டும்.

இரண்டாவது, நாள். 1942-இல் இலங்கை மீது ஏப்ரல் 1-ஐ ஒட்டி ஜப்பானியத் தாக்குதல் வரும் என்ற உளவை நம்பி பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி சாமர்வில் தன் கடற்படையைத் திரட்டிக் காத்திருந்தார். யாரும் வரவில்லை. எரிபொருளும் நீரும் தீர, கப்பல்கள் மாலத்தீவின் அட்டு பவளத்தீவுக்குத் திரும்பின. 4-ஆம் தேதி ஜப்பானியக் கப்பற்படையை ரோந்து விமானம் கண்டது. 5-ஆம் தேதி கொழும்பு தாக்கப்பட்டது, டார்செட்ஷயர், கார்ன்வால் என்ற இரு குரூசர்களும் அன்றே மூழ்கின. உளவு சொன்ன இடம் சரி, நாள் மட்டும் தப்பு.

மூன்றாவது, நோக்கம். செய்தியில் இருப்பது கட்டளை, நடக்கப் போவது அல்ல. 1941 வசந்தத்தில் வட ஆப்பிரிக்காவில் இருந்த ஜெர்மன் தளபதி ரோமெல் காத்திருக்க வேண்டும் என்பதே மேலிடத்துக் கட்டளை. அதைப் படித்த பிரிட்டிஷ் தரப்பு அவர் உடனே தாக்கமாட்டார் என்று கணக்குப் போட்டது. ரோமெல் மார்ச் 24 அன்றே பாய்ந்தார். ஆட்டத்தில் இதற்குத் தனி விதி வேண்டாம். கட்டளை இட்ட பிறகும் எதிராளி மனம் மாற இடம் கொடுத்தாலே போதும்.

படி 9: பயன்படுத்துவதற்கு ஒரு விலை

இந்த வடிவமைப்பின் இதயம் இதுதான். மற்றப் படிகளை எளிமையாக்கினாலும் இதை விட்டுவிடாதீர்கள்.

தெரிந்ததை வைத்துச் செயல்படும்போது, 'இவனுக்கு எப்படித் தெரிந்தது' என்று எதிரி கேட்பான். அதற்கு வேறொரு பதில் அவன் கண்ணெதிரே இருக்க வேண்டும். 1941 மார்ச்சில் இத்தாலியக் கடற்படை கிளம்புவது பிரிட்டிஷாருக்குத் தெரிந்திருந்தது. இருந்தும் முதலில் ஒரு கடல் விமானத்தை அனுப்பி, அது இத்தாலியர் கண்ணில் படும்படி செய்தார்கள். பிறகுதான் கிரேக்கத்துக்குத் தெற்கே மடபான் கடற்சண்டை. 1917-இல், மெக்ஸிகோவுடன் கூட்டணி தேடி ஜெர்மனி அனுப்பிய ஸிம்மர்மான் தந்தியை வெளியிட்டபோது, அது மெக்ஸிகோவில் திருடப்பட்டதாகத் தோன்ற அங்கிருந்தே ஒரு நகலைப் பெற்றுக்கொண்டார்கள். 1943 ஏப்ரல் 18 அன்று ஜப்பானியக் கடற்படைத் தளபதி யாமமோட்டோவின் விமானத்தை அமெரிக்கர் வீழ்த்தியபோது, கரையோரக் கண்காணிப்பாளர்கள் பார்த்துச் சொன்னதாகக் கதை கட்டினார்கள்.

விதி இப்படி: படித்த செய்தியை வைத்துத் தாக்குமுன் ஒரு 'மறைப்பு' தேவை. ரோந்து விமானம், நீர்மூழ்கி, உளவாளி, எதுவானாலும் சரி. அது ஒரு சுற்றையும் ஒரு பிரிவையும் சாப்பிடும், சில சமயம் அந்த ஒரு சுற்றுத் தாமதத்தில் இரை தப்பிவிடும். மறைப்பு இல்லாமலும் தாக்கலாம், ஆனால் எதிரியின் 'சந்தேகம்' இரண்டு ஏறும். அந்த அளவு எதிரிக்கு மட்டுமே தெரிய வேண்டும். சங்கேதத்தை உடைத்தவர் தான் பிடிபட்டோமா என்று அறியாமலே ஆடுவதில்தான் பதற்றம் இருக்கிறது.

சந்தேகம் உச்சத்தைத் தொட்டதும் சங்கேதம் தானாக மாறிவிடும் என்று வைக்காதீர்கள். நிறுவனங்கள் தங்கள் பூட்டை எளிதில் சந்தேகிப்பதில்லை. டோனிட்ஸ் பலமுறை சந்தேகித்தார், விசாரணைகள் எனிக்மா பத்திரமாகவே இருக்கிறது என்று முடிந்தன. ரேடார், உளவாளி, துரோகம் என்று மற்ற காரணங்கள் கையருகே இருந்தன. ஆகவே சந்தேகம் ஏறினால் ஒரு விசாரணை, அதில் பகடை, பாதிக்கு மேல் 'குறை ஒன்றுமில்லை' என்று வரட்டும்.

மாற்றுவதற்கும் செலவு உண்டு. ஜேஎன்-25-இன் புதுப் பதிப்பு பசிபிக் முழுவதும் சிதறிக்கிடந்த கப்பல்களுக்குப் போய்ச் சேர வேண்டியிருந்ததால் தள்ளிக்கொண்டே போய், 1942 மே மாதக் கடைசியில்தான் நடைமுறைக்கு வந்தது. மிட்வே திட்டம் அதற்குள் கசிந்துவிட்டது. ஆட்டத்தில் மாற்றத்தை அறிவித்த சுற்றிலிருந்து மூன்று சுற்று கழித்தே அது செல்லட்டும், தொலைவில் உள்ள படைகள் அதுவரை பழையதிலேயே பேசட்டும்.

ஒரு எச்சரிக்கை. 'ரகசியத்தைக் காக்க ஒரு நகரத்தை எரியவிடு' என்ற அட்டையைச் சேர்க்கப் பலருக்கு ஆசை வரும். 1940 நவம்பர் 14 அன்று கோவென்ட்ரி குண்டுவீச்சை சர்ச்சில் தெரிந்தே அனுமதித்தார் என்ற கதை அதன் மூலம். ஆவணங்கள் அதை ஆதரிக்கவில்லை. அன்றைய இலக்கு லண்டன் என்றே அவர் நினைத்திருந்தார். பொய்யான ஒரு கதைக்கு உங்கள் ஆட்டத்தில் இடம் கொடுக்காதீர்கள்.

படி 10: உங்கள் பூட்டும் பூட்டுதான்

ஒரு தரப்பு மட்டும் படிக்கும் விளையாட்டு பாதி விளையாட்டு. பிளெட்ச்லி ஷார்க்கைப் படிக்க முடியாமல் தவித்த அதே 1942-இல், ஜெர்மன் கடற்படையின் சங்கேத உடைப்புப் பிரிவான பி-டீன்ஸ்ட் நேச நாட்டுக் கப்பல் அணிகளின் மூன்றாம் எண் கடற்சங்கேதத்தைப் பெருமளவு படித்துக்கொண்டிருந்தது. 1943 ஜூனில் அது மாற்றப்படும்வரை இது நீடித்தது. தங்கள் சங்கேதம் கசிகிறது என்று நேச நாட்டினருக்கு உறுதியாகக் காட்டியதும் எதிரியின் உடைக்கப்பட்ட செய்திகள்தாம். இதை அப்படியே விதியாக்குங்கள்: எதிரியின் செய்தியைப் படிக்கும்போது, எப்போதாவது உங்கள் கப்பல் அணியின் பாதை அதில் எழுதியிருக்கட்டும்.

இதே வழியில் பொய்ப் பேச்சையும் சேர்க்கலாம். இல்லாத படைக்கு ஒரு ரேடியோ நிலையம், ஒரு சுற்றுக்கு ஒரு புள்ளிச் செலவு. 1944-இல் அமெரிக்கத் தளபதி பாட்டனின் பெயரில் ஓர் இல்லாத படைத்தொகுதியையே இங்கிலாந்தின் தென்கிழக்கில் இப்படி நிறுத்திக் காட்டினார்கள். நாலாம் படியின் போக்குவரத்துக் கணக்கு இல்லாத விளையாட்டில் பொய்ப் பேச்சுக்கு வேலையே இல்லை, எனவே அதை முதலில் சரிசெய்துகொள்ளுங்கள்.

படி 11: சோதித்துப் பாருங்கள்

கணினி விளையாட்டானால், கணினி எதிராளி உண்மையிலேயே அறியாமல் இருக்கிறதா என்று பாருங்கள். வரைபடம் முழுவதையும் படித்துவிட்டுத் தெரியாதது போல நடிக்கும் எதிராளியை ஆட்டக்காரர்கள் பத்துச் சுற்றில் கண்டுபிடித்துவிடுவார்கள். அதற்கும் அதே தாள்கள், அதே தாமதம், அதே ஓட்டைகள் போக வேண்டும். மேசை விளையாட்டானால் திரைக்குப் பின்னே இரண்டு வரைபடமும் ஒரு நடுவரும் இருந்தால் நல்லது. நடுவர் இல்லாவிட்டால் கட்டளைகளை அட்டையில் எழுதிக் கவிழ்த்து வைத்து, உடைத்தவர் அதில் அனுமதிக்கப்பட்ட வரியை மட்டும் துளையிட்ட மூடி வழியே பார்க்கச் செய்யலாம்.

பிறகு ஒரு சோதனைச் சூழ்நிலையை ஓட்டிப் பாருங்கள். ஒரு தரப்புக்கு எதிரியின் முழுத் திட்டத்தையும் முதல் சுற்றிலேயே கொடுங்கள், ஆனால் படை, விமானம், ரேடியோ எல்லாவற்றையும் குறைத்துக் கொடுங்கள். 1941 மே மாதம் கிரீட் தீவைக் காத்த நேச நாட்டுத் தளபதி ஃபிரேபெர்க்கின் நிலை ஏறத்தாழ இதுதான். ஜெர்மன் வான்வழித் தாக்குதலின் திட்டம் அவருக்கு முன்பே வந்திருந்தது, இருந்தும் மாலெமே விமானத் தளம் கைவிட்டுப்போனது, தீவும் போனது. இந்தச் சூழ்நிலையைப் பத்து முறை ஆடி, படித்த தரப்பே பத்திலும் ஜெயித்தால் உங்கள் செய்திகள் அளவுக்கு மீறித் தெளிவாக இருக்கின்றன. ஏழாம் படிக்குத் திரும்பிப் போய்த் தாமதத்தை ஒரு சுற்று கூட்டுங்கள், மறுபடி ஆடிப் பாருங்கள்.